திடீர் நாடகக்காரர்களின் நோட்டு

"வேலந்தாவளம், வாயனசாலை முற்றம், பங்குனி. கூட்டம் எண்பது பேர் இருக்கும், பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். கிடைத்த சொல்: வெள்ளம். முதலில் இறங்கியது ஆட்டோ தம்பி. முடித்தது உறுமி. எங்கே தடுமாறியது: எங்கேயும் தடுமாறவில்லை."

எங்கள் குழுவின் முதல் நோட்டில் பதினோராம் பக்கம் இது. வேலந்தாவளம் கேரள எல்லையில் உள்ள ஊர், அந்தப் பக்கம் என்றால் தமிழ்நாடு. வாயனசாலை என்பது ஊர் நூலகம். மொத்தம் மூன்று நோட்டுகள், மூன்றும் நான் எழுதியவை. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு அக்ஷயா மையத்தில், அதாவது கேரள அரசின் இ-சேவை மையத்தில், வேலை செய்கிறேன். பென்ஷன், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் என்று பகல் முழுக்க மற்றவர்கள் தமிழிலும் மலையாளத்திலும் சொல்வதைக் கேட்டு எழுதுவதுதான் தொழில். அதனால் குழுவில் கணக்கு எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. முதலில் செலவுக் கணக்குதான் எழுதினேன்: ஜீப் வாடகை, மைக் செட், டீ. அப்புறம் ஒருநாள், நேற்று என்ன நடித்தோம் என்று டெய்லர் அண்ணன் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தொடங்கியது இந்த எழுத்து.

எங்களிடம் எழுதி வைத்த கதையோ வசனமோ கிடையாது. கூட்டத்திடம் ஒரு சொல் கேட்போம். அதை வைத்து ஐந்தாறு நிமிடம் ஒரு காட்சி. உறுமி தட்டியதும் அடுத்த சொல். முக்கால் மணி நேரத்தில் ஆறேழு காட்சி போகும். ஊரில் எங்களைத் திடீர் நாடகக்காரங்க என்பார்கள். மலையாளம் பேசுகிறவர்கள் மனோதர்மம் என்கிறார்கள். கதகளி நடிகர் மேடையில் அந்த நேரத்தில் விரித்துச் செய்வதற்கு அவர்களிடம் உள்ள சொல் அது. இரண்டுமே எங்களுக்குப் பிடித்த பெயர்கள்தான்.

குழுவில் ஏழு பேர். டெய்லர் அண்ணன் மூத்தவர். ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுக்கும் டீச்சர் அக்கா, தென்னையில் கள்ளு இறக்கும் அண்ணன், ஆட்டோ தம்பி, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்த ஒரு பெண், உறுமிக்காரர், நான். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரமான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதிப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். எங்கள் நாடகமும் அப்படித்தான். யார் எதில் பேசினாலும் அடுத்தவர் தனக்கு வருவதில் பதில் சொல்லலாம்.

இனி அந்தப் பதினோராம் பக்கம்.

"உங்க வீட்டுல இப்போ இல்லாத ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டோம். பின்வரிசையிலிருந்து ஒருவர் மலையாளத்தில் "வெள்ளம்" என்றார். மலையாளத்தில் அது குடிக்கிற தண்ணீர். தமிழில் ஊரை அடித்துக்கொண்டு போவது. ஆட்டோ தம்பி வீட்டுக்காரனாகத் திண்ணையில் உட்கார்ந்தான். டீச்சர் அக்கா வழிப்போக்கராக வந்து, "சேட்டா, இத்திரி வெள்ளம் தருமோ?" என்றார். தம்பி தமிழ்க் காதால் கேட்டான். துள்ளி எழுந்து, "வெள்ளமா? எப்போ வந்துச்சு?" என்றான். அக்கா ஒரு நொடி அவனைப் பார்த்தார். "வரலை. அதனாலதானே கேட்டு வந்தேன்" என்றார்.

சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு தம்பி, "எவ்வளவு வேணும்?" என்றான். அக்கா பதில் சொல்வதற்குள் வெற்றிலை போட்ட ஒரு பெரியவர் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஏழேகால் டிஎம்சி கேளம்மா!" என்று கத்தினார். அக்கா அதை அப்படியே வாங்கி, கையிலிருந்த இல்லாத சொம்பை நீட்டி, "ஏழேகால் டிஎம்சி ஊத்துங்க சேட்டா, இதுல அளவு இருக்குது" என்றார். முற்றமே எழுந்து நின்றது.

இந்த மண்ணில் விவசாயம் செய்கிறவர்களுக்கு அந்த எண் மனப்பாடம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970ல் கையெழுத்தானது, 1958ல் இருந்தே அமலுக்கு வந்ததாகக் கணக்கு. அதன்படி ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி சித்தூர்ப் புழைக்கு வரவேண்டும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. எல்லைக்கு அந்தப் பக்கத்து விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும், இந்தப் பக்கத்து விவசாயிக்கும் வேண்டும். அன்றைக்கு இரண்டு பக்கத்தாரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து ஒரு சொம்பைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு இன்னும் அது பெரிய விஷயமாகவே படுகிறது.

அடுத்த மாதம் ஒரு பள்ளி ஆண்டு விழா. வெள்ளம் காட்சியை இங்கேயும் செய்யலாம் என்று முதலிலேயே பேசி வைத்தோம். சொல்லைக் கத்துவதற்கு ஒரு உறவுக்காரப் பையனைக் கூட்டத்தில் உட்கார வைத்தோம். சொல் கேட்டதும் முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் கையை உயர்த்தி, "எங்க பூனை, எங்க பூனை" என்றான். நாங்கள் அவனைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "வெள்ளமா? நல்ல சொல்!" என்றோம். காட்சியில் எல்லா வசனமும் அதே வரிசையில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு டிஎம்சி தெரியாது, அது மட்டும் காரணமும் இல்லை. அக்கா சொம்பை நீட்டும்போது தம்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியுமே. பூனைப் பையன் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தான். அவனுடைய பூனை காணாமல் போயிருந்தது என்று விழா முடிந்தபின் அவன் அம்மா சொன்னார்.

அன்றிரவு நோட்டில் நான் எழுதியது ஒரே வரி: "பூனை கேட்டான், தரவில்லை." அதற்குப் பிறகுதான் நோட்டு எதற்கு என்று எங்களுக்கே தெளிவானது. எந்தக் காட்சி எந்த ஊரில் எப்படி நடந்தது என்று எழுதி வைத்தால், அதைத் திரும்பச் செய்ய ஆசை வரும்போது தடுக்கலாம். கிளம்புவதற்கு முன் கடைசி மூன்று நிகழ்ச்சிகளைச் சத்தமாக வாசிப்பேன். அதில் வந்த ஆள், வந்த நகைச்சுவை, வந்த முடிவு எதுவும் இன்றைக்கு வராது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு ஜீப்பில் ஏறுவோம். புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வாசிப்பைத்தான்.

சொல் கேட்பதிலும் ஒரு பாடம் உண்டு. "ஏதாவது ஒரு சொல் சொல்லுங்க" என்றால் காதல், அம்மா, அரசியல் இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். நோட்டின் முதல் இருபது பக்கத்தில் அம்மா மட்டும் ஒன்பது தடவை இருக்கிறது. கேள்வியைச் சின்னதாக்கினால் பதில் உயிரோடு வருகிறது. உங்கள் வீட்டில் இரவல் போய் இன்னும் திரும்பி வராத பொருள் என்ன? காலையில் எழுந்ததும் முதலில் எதைத் தேடுவீர்கள்? இப்படிக் கேட்டால் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஆட்கள் பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சையும் காதில் வாங்க வேண்டும். வந்த சொல்லை அப்படியே திரும்பச் சொல்லி, சொன்னவரின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் காட்சிக்குள் போகவேண்டும்.

டெய்லர் அண்ணன் இளவயதில் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேடம் கட்டியவர். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்த்ரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். தனித்தனியாக புக் ஆகி, நாடகம் நடக்கிற ஊரில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு தெரியும், தர்க்கம் மட்டும் மேடையில் அந்த நேரத்தில் பிறக்கும். "எதிராளி பேச வழி விடாம பேசுறவனை அடுத்த வருசம் யாரும் கூப்பிட மாட்டாங்க" என்பார் அண்ணன். எங்கள் குழுவின் பழக்கம் ஒன்று அவரிடமிருந்து வந்தது. பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டுவோமே, பயிற்சியில் அதே மாதிரி ஒருவர் சொன்னதற்கு மற்றவர் "உம், அப்புறம்?" என்று சொல்லிவிட்டுத்தான் தன் வரியைச் சேர்க்க வேண்டும். "இல்லை", "அது எப்படி?" என்று மறித்தால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம் இதை மட்டும் செய்தோம். மேடையில் வாயால் உம் சொல்ல மாட்டோம், உடம்பு சொல்லும்.

பாலக்காட்டுப் பக்கம் பொறாட்டு நாடகத்தில் சோத்யக்காரன் என்று ஒரு பாத்திரம் உண்டு. வருகிற வேடத்தையெல்லாம் நிறுத்தி, யார் நீ, எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். வேடக்காரர் பதில் சொல்லச் சொல்ல ஆள் நம் முன்னால் உருவாகிவிடுவார். தெருக்கூத்தில் கட்டியக்காரனும் அப்படித்தான். அதைப் பார்த்த பிறகு, காட்சி திணறினால் வெளியே நிற்கும் ஒருவர் சோத்யக்காரனாக உள்ளே போய் கேள்வி கேட்கலாம் என்று வைத்துக்கொண்டோம். பல காட்சிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இதற்கெல்லாம் அப்பால் ஒரு முகாமும் உண்டு. திருச்சூர் நாடகப் பள்ளியில் படித்த ஒருவர் மூன்று நாள் வந்து விளையாட்டுகள் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடி போலச் செய்வது, யார் முதலில் அசைகிறார் என்றே தெரியாதபடி ஆகும்வரை. அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார் உருவாக்கிய விளையாட்டுகள் இவை என்றார். சிகாகோவில் பல நாட்டிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளோடு வேலை செய்தவர் அவர். 1930களின் கடைசியில் அரசுத் திட்டம் ஒன்றில் நாடகப் பொறுப்பில் இருந்தபோது, மொழியும் பழக்கமும் வேறான ஆட்கள் சேர்ந்து நடிக்க எளிதான வழி வேண்டும் என்று இந்த விளையாட்டுகளை வளர்த்திருக்கிறார். அவருடைய மகன் பால் சில்ஸ் மற்றவர்களோடு சேர்ந்து 1959ல் சிகாகோவில் தொடங்கிய செகண்ட் சிட்டி மேடையில் அதே விளையாட்டுகள்தான் அடித்தளம். டீச்சர் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம பள்ளிக்கூடத்துக்கு வேணும்னு யாரோ எப்பவோ செஞ்சு வெச்ச மாதிரி இருக்குது" என்றார். இப்போது தன் இரண்டாம் வகுப்பில் தமிழ்ப் பிள்ளையையும் மலையாளப் பிள்ளையையும் சோடி சேர்த்து அந்தக் கண்ணாடி விளையாட்டு நடத்துகிறார்.

தமிழில் திடீர் நாடகம் செய்கிறவர்களுக்குப் பெரிய வசதி ஒன்று நம் உறவுச் சொற்கள். முதல் வரியில் "அத்தை" என்று கூப்பிட்டால் போதும். யார் யாருக்கு என்ன உறவு, எவ்வளவு உரிமை, எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது எல்லாம் கூட்டத்துக்குப் புரிந்துவிடும். நீங்க என்பது நீ ஆகிற இடம் காட்சியின் திருப்பம். நானும் கல்லூரிப் பெண்ணும் செய்த ஒரு காட்சியில் கடன் கேட்டு வந்த தம்பி கடைசி வரை "அக்கா, நீங்க" என்றே பேசினான். அக்கா கதவைச் சாத்தப் போகும்போது "நீ இதை மட்டும் செய்யாதே" என்றான். உறுமிக்காரர் அங்கேதான் தட்டினார். எங்கே முடிப்பது என்பது முழுக்க அவர் பொறுப்பு. நடிக்கிறவர்களுக்குத் தங்கள் முடிவு தெரியாது, வெளியே நின்று கேட்கிறவருக்குத் தெரியும்.

காற்றைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், வேறு எவரும் சொல்லித்தர மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து காற்று அதில் புகுந்து வரும். கரிம்பனை ஓலை ஓயாமல் அடித்துக்கொள்ளும். எழுதிய வசனமாக இருந்தால் ஒரு சொல் காணாமல் போனாலும் பரவாயில்லை, கதை தெரியும். எங்களுக்கு ஒரு சொல் போனால் காட்சியே போச்சு, ஏனென்றால் அடுத்தவர் அதன்மேல்தான் நிற்கப் போகிறார். எருத்தேம்பதிப் பக்கம் ஒரு தை மாத நிகழ்ச்சியில் டெய்லர் அண்ணன் "பொண்ணு பாக்க வந்தோம்" என்றார், கள்ளு இறக்கும் அண்ணன் காதில் "மண்ணு பாக்க வந்தோம்" என்று விழுந்தது. அவர் குனிந்து மண்ணை எடுத்துக் காட்டினார். அது நல்ல காட்சியாக முடிந்தது, ஆனால் எப்போதும் அப்படி அமையாது. இப்போது அந்த மாதங்களில் மேடையின் முதுகு கிழக்கே இருக்கும்படி அமைக்கிறோம். காற்று எங்கள் பின்னாலிருந்து குரலைக் கூட்டத்திடம் கொண்டுபோகும். பின்னால் படுதா கட்டமாட்டோம், அது பாய்மரம் மாதிரி விரிந்து கம்பத்தையே சாய்த்துவிடும். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருப்பதால், போலீஸ் அனுமதி வாங்கும்போதே ஒன்பதரைக்கு முடிப்பதாகச் சொல்லிவிடுவோம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அரசு ஓணக் கொண்டாட்டங்களையெல்லாம் நிறுத்தியது, எங்களுக்கு ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளும் நின்றன. அந்த மாதங்களில் நான் நனைந்துபோன ஆவணங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நெம்மாரா பக்கம் ஒரு குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் அறுபது பேர் இருப்பார்கள். காலையில் எழுந்ததும் முதலில் எதைத் தேடுவீர்கள் என்று கேட்டோம். ஒருவர் "வெள்ளம்" என்றார். அவர் சொன்னது குடிக்கிற தண்ணீரைத்தான். ஆனால் சொன்ன பிறகு அவருக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. அறை அமைதியானது. மலையாளத்திலும் வீட்டுக்குள் ஏறி வந்தது வெள்ளம்தானே.

ஆட்டோ தம்பி மூச்சை இழுத்தான். வேலந்தாவளம் அவன் முகத்தில் தெரிந்தது. டீச்சர் அக்கா அவன் கையைத் தொட்டு நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனார். கதவைத் தள்ளினார், திறக்கவில்லை. தோளால் தள்ளினார். பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துச் சேற்றில் கால் வைத்துப் பார்த்து நடந்தார். சுவருக்கு அருகே போய் ஒரு விரலால் மார்பு உயரத்தில் ஒரு கோடு தொட்டார். விரலை எடுக்காமலே அறையைச் சுற்றி நடந்தார், கோடு எல்லாச் சுவரிலும் இருந்தது. "இங்க வரைக்கும்" என்றார், அவ்வளவுதான்.

கள்ளு இறக்கும் அண்ணன் கணவனாக வந்தார். அவரும் எதுவும் பேசவில்லை. கீழே குனிந்து சேற்றிலிருந்து ஒன்றை எடுத்து, முண்டில் துடைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துத் திண்ணையில் வெயிலில் வைக்க ஆரம்பித்தார். ரேஷன் கார்டு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நாலாவது பக்கம் வைக்கும்போது முன்வரிசை அம்மா ஒருவர், "கல்லு வெய்யி, காத்துல போயிரும்" என்றார். அவர் ஒரு கல்லைத் தேடி எடுத்து வைத்தார். "அதுக்கும் வெய்யி." வைத்தார். அப்புறம் பல குரல்கள்: இந்தப் பக்கம் நிழல் விழும், அந்தப் பக்கம் நகர்த்து, ஆடு வரும் பாரு. முடிவில் அறுபது பேரும் சேர்ந்துதான் அந்தக் கார்டைக் காய வைத்தார்கள். உறுமிக்காரர் அன்றைக்குத் தட்டவே இல்லை, உறுமியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவும் அண்ணனும் மெல்ல எழுந்து வந்துவிட்டார்கள்.

சொல்லைவிட, அது இந்தக் கூரையின் கீழ் இந்த ஆட்களுக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்பதுதான் பெரிய வேலை. நோட்டில் அதன்பிறகு ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன்: சொன்னபின் கூட்டம் எப்படி இருந்தது.

ஆள் வராத நாட்களும் நோட்டில் இருக்கின்றன. மழையில் பதினோரு பேர், ஒரு இடத்தில் நாலு பேரும் மைக் செட்காரரும். அப்படிப்பட்ட நாட்களில் டெய்லர் அண்ணன் தோல்பாவைக்கூத்தை நினைவுபடுத்துவார். பாரதப்புழை ஓரத்துப் பகவதி கோயில்களில் கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடி விளக்கு 21 ஏற்றி, கம்பர் பாட்டைச் சொல்லி, இரவு முழுக்கப் பொருள் விரித்து வாதம் செய்வார்கள். முன்னால் மைதானம் பல நேரம் காலியாகவே கிடக்கும். பகவதி கேட்கிறாள் என்று அவர்கள் ஒரு பாட்டையும் விடுவதில்லை. கம்பனின் தமிழை மலையாள நாட்டில் அப்படிக் காத்து வந்திருக்கிறார்கள். நாங்கள் நாலு பேருக்கும் முக்கால் மணி நேரம் முழுசாக நடித்தோம்.

இனி உருளி.

சித்தூரில் மாசி மாதம் கொங்கன் படை நடக்கும். கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்ததாகவும், சித்தூர் பகவதி அவனை வென்றதாகவும் ஐதீகம். சித்தூருக்கே உரிய விழா. விழா முடிந்த வாரம் தத்தமங்கலம் போகும் வழியில் ஒரு வாயனசாலையில் எங்கள் நிகழ்ச்சி. சொல் கேட்டதும் ஒரு இளைஞன் "கொங்கன்!" என்றான். கூட்டம் சிரித்தது. எங்கள் ஏழு பேர் பேச்சும் கொங்குப் பேச்சுதான், அது எல்லோருக்கும் தெரியும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்ன செய்வார்கள் பார்க்கலாம் என்ற ஆவல். ஒரு சொல் ஒரு கூட்டத்தாரை மொத்தமாகச் சுட்டும்போது, அதை ஒரு ஆளாக, ஒரு தேவையாகச் சிறுசு பண்ண வேண்டும் என்பது எங்கள் பழக்கம். டெய்லர் அண்ணன் தோளில் துண்டோடு, கையில் கரண்டியோடு இறங்கினார். டீச்சர் அக்கா வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, பெரிய பாத்திரம் ஒண்ணு இருந்தாக் குடுங்க."

"யாரு நீங்க?"

"கொங்கன் படைக்குச் சமையல்காரனுங்க."

அக்கா புடைப்பதை நிறுத்தவில்லை. "எத்தனை பேருக்கு ஆக்கணும்?"

"தெரியலீங்க. ராசா எண்ணிச் சொல்லலே."

"உருளி ஒண்ணு இருக்குது. அம்பது பேருக்குத்தான் ஆகும்."

"அம்பது பேருக்கு வயிறார ஆக்கிட்டா, அந்த அம்பது பேரும் சண்டைக்குப் போக மாட்டாங்க, தூங்கிருவாங்க. அம்பது குறையட்டுமுங்க."

அக்கா எழுந்து உள்ளே போய் உருளியைச் சிரமப்பட்டுத் தூக்கி வந்தார். அதன் கனம் அவர் முதுகில் தெரிந்தது. அண்ணன் கையில் கொடுக்கும்போது, விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "என் அம்மா வீட்டு உருளி. கழுவித் திருப்பித் தரணும்."

"கழுவித் தர்றேனுங்."

அந்த நொடியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தோம், மணி ஒன்பதரை ஆகிவிட்டது, வணக்கம் சொல்லி இறங்கினோம். நோட்டில் எழுதினேன்: "முடியவில்லை. உருளி கையில்."

ஏழெட்டு மாதம் கழித்து அக்ஷயா மையத்தில் பென்ஷன் மஸ்டரிங் நடந்தது, பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று விரல் ரேகை வைத்து உறுதி செய்கிற வேலை. ஒரு பாட்டியம்மாவின் விரல் ரேகை மெஷினில் விழவில்லை. வயல் வேலையில் தேய்ந்த விரல். ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "நீ அந்த நாடகக்காரங்க கூட வந்த ஆள்தானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"அந்தச் சமையல்காரன் உருளியைத் திருப்பிக் கொடுத்தானா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இடது கை மோதிர விரலில் ரேகை விழுந்தது. அவர் ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அவ அம்மா வீட்டு உருளியாச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துக் கீழே எழுதினேன்: "உருளி பாக்கி." பழைய காட்சியைத் திரும்பச் செய்யக்கூடாது என்பதில் நான்தான் பிடிவாதமாக இருப்பவன். ஆனால் இது வேறு என்று குழுவில் சொன்னேன். ஏழு பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை.

அடுத்த மாசியில் அதே வாயனசாலை. சொல் கேட்பதற்கு முன்னால் விளக்கு எரிந்தது. டெய்லர் அண்ணன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, ஆட்களுக்கு நடுவில் வழி கேட்டுக் கேட்டு, இல்லாத உருளியை இரண்டு கையாலும் சுமந்து நடந்து வந்தார். துண்டு அவிழ்ந்து தொங்கியது, ஒரு காலைச் சற்று இழுத்து வைத்தார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா முன்னால் உருளியை இறக்கி வைத்தார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கா முறத்தைக் கீழே வைத்தார். குனிந்து உருளிக்குள் பார்த்தார். விரலை விட்டு அடியை ஒரு சுற்று தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"அடியில கரி இருக்குது" என்றார். "உள்ள வாங்க. சாப்பிட்டுட்டு மறுபடி கழுவலாம்."